எசேக்கியா சுரங்கம்: டூர் குழுவோட போறவங்க இறங்கலாமா? அது நிஜமாவே எசேக்கியா வெட்டினதுதானா?

நெல்லை_எஸ்தர்
எல்லாருக்கும் வணக்கம். எங்க சபையிலருந்து ஒரு குழு எருசலேம் போறோம். பெத்லகேம், நாசரேத்து, கலிலேயா கடல்ல படகு, யோர்தான்ல ஞானஸ்நானம் புதுப்பிக்கிறதுனு வழக்கமான பட்டியல்தான். எனக்கு ரொம்ப நாளா ஆசை, யூதா தேசத்து எசேக்கியா ராஜா எருசலேமுக்குள்ள தண்ணி கொண்டுவர வெட்டின சுரங்கத்துக்குள்ள நடக்கணும்னு. 2 இராஜாக்கள் 20:20-ல ஒரே வசனம்தான் வருது, ஆனா சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில கேட்டதுலருந்து மனசுல நிக்குது. டூர்க்காரர் "டைம் இருந்தா பாப்போம்ங்க"னு இழுக்கிறார். தண்ணிக்குள்ள நடக்கணுமாமே? எங்க அப்பாவும் வர்றாங்க, 68 வயசு, முட்டி வலி உண்டு. அப்புறம் இன்னொண்ணு, அது எசேக்கியா வெட்டினதே இல்லனு யூடியூப்ல ஒருத்தர் அடிச்சுப் பேசுறார். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டன்னல்மணி
சிஸ்டர், மத்தது எதை விட்டாலும் இதை விடாதீங்க. நான் சுரங்க வேலையில சர்வேயரா இருக்கிறவன், அதனால என் பார்வை கொஞ்சம் ஒருபக்கமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

நீளம் 533 மீட்டர். ஒரு முனை கீகோன் ஊற்று, இன்னொரு முனை சீலோவாம் குளம். நேர்கோடு போட்டா ரெண்டுக்கும் நடுவுல 320 மீட்டர் பக்கம்தான், ஆனா சுரங்கம் ஒரு பெரிய எஸ் மாதிரி வளைஞ்சு போகுது. ரெண்டு முனையிலருந்தும் ரெண்டு கூட்டம் வெட்டிட்டே வந்து நடுவுல சந்திச்சிருக்கு. அகலம் ஒரு ஆள் போகத்தான், ரெண்டு அடி. சில இடத்துல தலை குனியணும். தெற்கு முனை பக்கம் போனா திடீர்னு கூரை 5 மீட்டர் உயரத்துக்குப் போயிடுது. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. மேல வெட்டிட்டாங்க, தண்ணி ஓடல, திரும்பத் தரையைத் தாழ்த்தி தாழ்த்தி லெவலைச் சரி பண்ணியிருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த 533 மீட்டருக்கும் மொத்த இறக்கம் சுமார் 30 சென்டிமீட்டர். ஒரு அடிதான்! இன்னைக்கு டோட்டல் ஸ்டேஷன், லேசர் எல்லாம் வெச்சுக்கிட்டு ரெண்டு ஃபேஸ்லருந்து (வெட்டுற முகப்பு) வர்றப்பவே சந்திக்கிற நாள் வரைக்கும் எங்களுக்குத் தூக்கம் வராது. அவங்ககிட்ட இருந்தது எண்ணெய் விளக்கும் இரும்பு உளியும்.

சந்தேகத்தாமஸ்
எஞ்சினியரிங் அருமைதான், ஒத்துக்கிறேன். ஆனா அங்க "எசேக்கியா"னு எங்கேயாவது எழுதியிருக்கா? இல்லையே. கல்வெட்டு கிடைச்சது, அதுல ராஜா பேரே கிடையாது. பைபிள்ல ஒரு வசனம் இருக்கு, பூமிக்கடியில ஒரு ஓட்டை இருக்கு, ரெண்டையும் சேர்த்து ஒட்டிட்டாங்க. புனித இடம்னு காட்டுற பாதி இடம் இப்படித்தான்.

கல்வெட்டுப்பித்தன்
கல்வெட்டு என்று பேச்சு வந்துவிட்டதால் நுழைகிறேன்.

1880-ல் எருசலேமில் ஒரு பள்ளிச் சிறுவன் சீலோவாம் முனை வழியாகத் தண்ணீரில் இறங்கிப் போயிருக்கிறான். வாயிலிலிருந்து சில மீட்டர் உள்ளே சுவரில் எழுத்துகள் தட்டுப்பட்டன. ஆறு வரி, பழைய எபிரேய எழுத்து. அரசன் பெயர் இல்லை என்று தாமஸ் சொல்வது சரிதான். கடவுள் பெயரும் இல்லை. மெய்க்கீர்த்தி படித்துப் பழகிய நமக்கு இதுதான் வியப்பாக இருக்கும். ஒரு ராஜாவின் பணி, ஆனால் "இன்னார் ஆணைப்படி" என்று ஒரு சொல் கிடையாது.

அதில் இருப்பது என்ன? இன்னும் மூன்று முழம் வெட்ட வேண்டியிருந்தபோது, பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது. உடைத்துத் திறந்த அன்று வெட்டியவர்கள் ஒருவரை ஒருவர் எதிர்கொண்டு, உளிக்கு எதிர் உளியாக வெட்டினார்கள். தண்ணீர் ஊற்றிலிருந்து குளத்துக்கு 1,200 முழம் ஓடியது. அவர்கள் தலைக்கு மேலே பாறையின் உயரம் 100 முழம். இவ்வளவுதான். 533 மீட்டரை 1,200-ஆல் வகுத்தால் முழத்துக்கு 44 சென்டிமீட்டர் சொச்சம் வருகிறது, அக்காலத்து முழ அளவுக்கு ஒத்துப்போகிறது.

வேதத்தில் ராஜாவின் கணக்கில் ஒரே வரியில் எழுதப்பட்ட வேலை, இங்கே வெட்டினவன் வாயால் வருகிறது. எனக்கு இந்த ஆறு வரி போதும். அது எதையும் "நிரூபிக்க" வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு தகவல். அந்தக் கல்வெட்டைத் தேடிச் சுரங்கத்துக்குள் போனால் கிடைக்காது. 1891-ல் திருட்டுத்தனமாகப் பெயர்த்தார்கள், துண்டுகளாக உடைந்தது. ஒட்டோமான் அதிகாரிகள் மீட்டு இஸ்தான்புல் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. இஸ்ரேல் பலமுறை கேட்டும் துருக்கி கொடுக்கவில்லை.

யாழ்_ஜெபா
நான் லண்டனில இருக்கிறன். இந்தக் கதையின்ர மற்றப் பாதி பிரிட்டிஷ் மியூசியத்தில கிடக்குது, எருசலேம் போக வசதியில்லாத ஆக்கள் இதையாவது பாருங்கோ.

ஏன் எசேக்கியா தண்ணியை உள்ளுக்குக் கொண்டுவந்தவர்? அசீரிய ராசா சனகெரிப் வாறான் எண்டபடியால்தானே. 2 நாளாகமம் 32-இல வடிவாச் சொல்லியிருக்கு, எதிரி வந்து நிறையத் தண்ணியைக் காணவேண்டியது ஏன் எண்டு வெளி ஊற்றுகளை அடைச்சுப்போட்டினம். கி.மு. 701. அதே படையெடுப்பைப் பற்றி சனகெரிப் தன்ர பக்கத்தால ஒரு களிமண் பட்டகத்தில எழுதி வைச்சிருக்கிறான். மதில் சூழ்ந்த 46 பட்டணத்தைப் பிடிச்சனான், எசேக்கியாவைக் கூட்டில அடைச்ச குருவி மாதிரி எருசலேமுக்குள்ள அடைச்சனான் எண்டு. ஆனா நகரத்தைப் பிடிச்சனான் எண்டு மட்டும் சொல்லேல்லை. பிடிச்சிருந்தா சொல்லாமல் விடுவானோ?

அதில கப்பம் 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி எண்டு இருக்கு. வேதத்தில 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி. பொன் ஒத்துப்போகுது, வெள்ளிக் கணக்கில ஆர் கூட்டினது ஆர் குறைச்சது எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதோட லாகீஸ் பட்டணத்தைப் பிடிச்ச காட்சி, நினிவே அரண்மனைச் சுவரில செதுக்கினது, ஒரு அறை முழுக்க வைச்சிருக்கினம். பொறுமையாப் பாருங்கோ. கோட்டை மதிலை இடிக்கிற வண்டிக்கு மேல இருந்து எரியிற பந்தங்களை எறியினம். வண்டிக்குள்ள ஒருத்தன் நீளமான அகப்பையால தண்ணி ஊத்தி நெருப்பை அணைக்கிறான். கீழ குடும்பங்கள் மாட்டு வண்டியில சாமான் ஏத்திக்கொண்டு வெளியேறுதுகள், மூட்டைக்கு மேல சின்னப் பிள்ளையள். எங்கட சனத்துக்கு அந்தக் கல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சிம்மாசனத்தில இருக்கிற சனகெரிப்பின்ர முகத்தைப் பிறகு ஆரோ வேணுமெண்டே கொத்தி வைச்சிருக்கினம்.

சந்தேகத்தாமஸ்
ஜெபா அக்கா/அண்ணா, சனகெரிப் வந்தான்ங்கிறதை நான் மறுக்கல. அது ரெண்டு பக்க ஆவணத்துலயும் இருக்கு. நான் கேட்கிறது இந்தச் சுரங்கம் அந்த வருஷத்துதானாங்கிறது மட்டும்தான். 1996-லயே ரோஜர்சன், டேவிஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் இது ஹாஸ்மோனியர்ங்கிற யூத அரச வம்சத்து காலத்து வேலை, அதாவது எசேக்கியாவுக்கு ஐந்நூறு வருஷத்துக்கும் அப்புறம்னு எழுதினாங்க.

கல்வெட்டுப்பித்தன்
அந்தக் கருத்து அப்போதே, பழைய எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிக்கும் எழுத்தியல்காரர்களிடம் நிற்கவில்லை. 2003-ல் ஃப்ரும்கின் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு அதை ஏறக்குறைய முடித்துவைத்தது. சுரங்கத்தின் தரையில் வெட்டினவர்களே பூசிய சாந்து இருக்கிறது. அதில் சிக்கிய செடித்துணுக்குகளை ரேடியோகார்பன் முறையில் பார்த்தார்கள். வெட்டின பிறகு கூரையில் வளர்ந்த சுண்ணாம்புத் தொங்கலை யுரேனியம்-தோரியம் முறையில் பார்த்தார்கள். செடி சுரங்கத்துக்கு முந்தியது, தொங்கல் பிந்தியது. இரண்டும் சேர்ந்து கி.மு. 700-ஐ ஒட்டி இடுக்கிப் பிடிக்கின்றன. இது வேதத்தைத் தொடாமல் எட்டிய முடிவு, கவனியுங்கள்.

சந்தேகத்தாமஸ்
"ஒட்டி"ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. ரைக், ஷுக்ரோன் ரெண்டு பேரும் அந்த இடத்தையே பல வருஷம் தோண்டினவங்க, அவங்க எசேக்கியாவுக்கு முந்தியதுங்கிறாங்க. புவியியல்காரர் ஸ்னே குழு 2010-ல, இதை வெட்ட குறைஞ்சது நாலு வருஷம் ஆகும், படை வர்ற அவசரத்துல முடியாது, மகன் மனாசே காலமா இருக்கலாம்னாங்க. முந்தின்னும் ஆள் இருக்கு, பிந்தின்னும் ஆள் இருக்கு.

டன்னல்மணி
தாமஸ், நாலு வருஷம்ங்கிறதே எசேக்கியாவை வெட்டிவிடாதே? அசீரியாக்காரன் ஒரே ராத்திரியில வரல. கி.மு. 705-ல அசீரிய ராஜா சர்கோன் செத்ததும்தான் இங்க கப்பத்தை நிறுத்துறாங்க, படை வர்றது 701-ல. கலகம் பண்றவனுக்குப் பின்விளைவு தெரியாமலா இருக்கும்? முதல் நாளே உளியைத் தூக்கியிருப்பான்.

வேலை வேகம் பத்தி ஒரு வார்த்தை. ஃபேஸ்ல ஒரு நேரத்துல ஒரே ஒரு ஆள்தான் நின்னு அடிக்க முடியும், அகலம் அவ்வளவுதான். ராஜா ஆயிரம் பேரைக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. மத்தவங்க கல்லைக் கூடையில பின்னாடி கடத்தலாம், அவ்வளவுதான். அதனாலதான் ரெண்டு முனையிலருந்தும் ஆரம்பிச்சாங்க, பாதி நேரம் மிச்சம்.

நெல்லை_எஸ்தர்
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி இருக்கு. அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா? அப்புறம், தாவீது எருசலேமைப் பிடிச்சப்போ அவரோட தளபதி யோவாப் ஏறிப் போன வழியும் அங்கதான் இருக்குனு எங்க பாஸ்டர் சொன்னாங்க, அது இதே சுரங்கமா?

வைகைக்கரையான்
நான் போயிட்டு வந்தவன். சகோதரி, அப்பாவுக்கு வேண்டாம். சுரங்கத்தைவிட அதுக்கு இறங்குற படிதான் முட்டியைக் கொல்லும். தண்ணி ஆரம்பத்துல தொடை வரைக்கும் வரும், அப்புறம் முழங்காலுக்குக் கீழே வந்துடும், சில்லுனு இருக்கும். அரை மணி முக்கால் மணி ஆகும், நடுவுல திரும்பி வர வழியில்லை. முன்னாடி ஒருத்தர் நின்னா மொத்த வரிசையும் நிக்கும். பக்கத்துலயே தண்ணி இல்லாத கானானியர் கால்வாய் ஒண்ணு இருக்கு, சீக்கிரம் முடிஞ்சுடும், ஆனா அதுக்கும் படி இறங்கத்தான் வேணும். அப்பாவை வண்டியில கீழே சீலோவாம் பக்கம் கொண்டுபோய் விட்டுடச் சொல்லுங்க. செருப்பு வேண்டாம், கழண்டு போயிடும். பழைய ஷூ போதும். ஈரம் மாத்த ஒரு துணி.

ஒரு சின்ன எச்சரிக்கை, வெளியே வந்ததும் ஒரு குட்டிக் குளம் இருக்கும். "இதுதான் சீலோவாம்"னு சொல்லி நிறைய குழு அங்கேயே ஜெபம் பண்ணிட்டு பஸ் ஏறிடுது. அது பைசாந்தியர் காலத்துக் குளம். யோவான் 9-ல பிறவிக் குருடன் கண் கழுவின காலத்துக் குளம் கொஞ்சம் தள்ளி இருக்கு.

கல்வெட்டுப்பித்தன்
அந்தக் குளம் வெளிப்பட்டதும் ஒரு கதை. 2004-ல் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டும்போது இயந்திரம் கற்படிகளைத் தொட்டது. ஷுக்ரோன் பார்த்து வேலையை நிறுத்தினார். ஐந்தைந்து படிகளாக மூன்று அடுக்கு, நடுவே ஆள் நிற்கிற அளவுக்கு அகலமான மேடை, ஒரு பக்க நீளம் 70 மீட்டருக்குப் பக்கம். சாந்துக்குள் அலெக்சாந்தர் யன்னேயு என்ற ஹாஸ்மோனிய அரசனின் காசுகள் கிடைத்தன, ஆக கி.மு. முதல் நூற்றாண்டு. மேலே படிந்த வண்டலில் ரோமருக்கு எதிரான கலகக் காலக் காசுகள். அதாவது இயேசுவின் காலத்தில் அது புழக்கத்தில் இருந்த குளம். எருசலேமில் "இந்த இடம்தான்" என்று காட்டப்படுபவற்றில் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக்கூடியவை மிகச் சில.

யோவாப் விஷயம் வேறு. 1867-ல் வாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஊற்றுக்கு மேலே ஒரு செங்குத்துப் பிளவைக் கண்டார், 13 மீட்டர் உயரம் இருக்கும். யோவாப் அதில் ஏறினான் என்று நூறு வருஷத்துக்கு மேல் வழிகாட்டிகள் சொல்லிவந்தார்கள். 1995-க்குப் பிறகு ரைக்கும் ஷுக்ரோனும் தோண்டியபோது, அது இயற்கைப் பிளவு என்பதும், மேலிருந்து வரும் நடைவழியின் தரையைப் பிற்காலத்தில் வெட்டித் தாழ்த்தியபோதுதான் அதன் வாய் திறந்தது என்பதும் தெரிந்தது. தாவீது காலத்தில் அங்கே ஏற வழியே இல்லை. பாஸ்டரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் அம்மா.

சந்தேகத்தாமஸ்
பார்த்தீங்களா! இதைத்தான் முதல்ல இருந்து சொல்றேன்.

கல்வெட்டுப்பித்தன்
நீங்கள் சொன்னது எல்லாமே ஒட்டுப்போட்டது என்று. நான் சொல்வது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று. யோவாப் நிற்கவில்லை, சீலோவாம் நிற்கிறது, சுரங்கம் பெரும்பாலும் நிற்கிறது.

வைகைக்கரையான்
சீரியஸா போகுது, நடுவுல ஒரு கூத்து சொல்றேன். இந்தச் சுரங்கத்துல இன்னைக்கு நம்ம நிமிர்ந்து நடக்கிறோம்னா அதுக்கு ஒரு புதையல் கும்பல்தான் காரணம்.

1838-ல ராபின்சன்னு அமெரிக்கர் தவழ்ந்துதான் போனார். சீலோவாம் பக்கம் நுழைஞ்சு, பாதியில முடியாம, மெழுகுவர்த்திப் புகையால சுவர்ல அடையாளம் போட்டுட்டுத் திரும்பினார். அப்புறம் இன்னொரு நாள் ஊற்றுப் பக்கமா நுழைஞ்சு அந்த அடையாளம் வரைக்கும் வயித்தால ஊர்ந்து வந்தார். 1867-ல வாரன் உள்ள இருக்கும்போது ஊற்று திடீர்னு பொங்கி, கூரைக்கும் தண்ணிக்கும் நடுவுல சில அங்குலம் காத்துதான் மிச்சம். கீகோன் விட்டு விட்டுப் பொங்குற ஊற்று, அவருக்கு நேரம் சரியில்ல. வாயில மெழுகுவர்த்தியைக் கடிச்சுக்கிட்டு அளவெடுத்தாராம் மனுசன்.

அப்புறம் வர்றார் மாண்டேகு பார்க்கர், பிரிட்டிஷ் பிரபு வீட்டுப் பிள்ளை. பின்லாந்துக்காரர் யுவேலியுஸ்னு ஒருத்தர், எசேக்கியேல் புஸ்தகத்துல ரகசியக் குறியீடு இருக்கு, உடன்படிக்கைப் பெட்டியும் சாலொமோன் பொக்கிஷமும் எங்க இருக்குனு அது சொல்லுதுனு கிளப்பிவிட்டார். பணக்காரங்க பணத்தைக் கொட்டினாங்க. 1909-லருந்து 1911 வரைக்கும் ஊற்றைச் சுத்தித் தோண்டு தோண்டுனு தோண்டி, சுரங்கத்துல இருந்த சேறெல்லாம் வாரி வெளியே போட்டாங்க. பெட்டி கிடைக்கல. கடைசியில 1911 ஏப்ரல்ல காவல்காரங்களுக்கு லஞ்சம் கொடுத்து, அரபி வேஷத்துல ராத்திரியில மேலே ஹராம் வளாகத்துக்குள்ளயே (பழைய தேவாலய மலை, இப்ப மசூதிகள் இருக்கிற இடம்) போய்த் தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு பணியாள் பார்த்துக் கத்த, ஊரே கொந்தளிச்சுடுச்சு. கும்பல் ராத்திரியோட ராத்திரியா யோப்பாவுக்கு ஓடி கப்பல் ஏறிடுச்சு. யோனாவும் அதே துறைமுகத்துலதான் ஓடினார்ங்கிறது தற்செயல்.

நல்லவேளை, வின்சென்ட்னு ஒரு தொமினிக்கன் பாதிரியாரை உள்ள விட்டிருந்தாங்க. அவர் எல்லாத்தையும் அளந்து வரைஞ்சு வெச்சார். பொக்கிஷம்னா அதுதான்.

யாழ்_ஜெபா
ஒரு விசயத்தை ஒருத்தரும் கதைக்கேல்லை. அந்தச் சுரங்கத்துக்கு மேல சில்வான் எண்ட ஊர் இருக்கு, பலஸ்தீனச் சனம் இருக்குது. கிழக்கு எருசலேம், 1967-இல இஸ்ரேல் பிடிச்ச இடம். சுரங்கம் இருக்கிற தொல்லியல் பூங்காவை நடத்திறது எலாத் எண்ட அமைப்பு, அவை அங்க யூதக் குடியேற்றத்தையும் செய்யினம். கீழ தோண்டத் தோண்ட மேல வீடுகள் வெடிக்குது எண்டு ஊராக்கள் முறையிடினம். போறவை போங்கோ, நான் தடுக்கேல்லை. ஆனா வெளியில வந்தாப்பிறகு அந்தத் தெருவில ஒருக்கா நிமிர்ந்து பாருங்கோ. கீழ இருந்தவைக்கு மட்டுந்தான் கதை இருக்கு எண்டில்லை.

மட்டுறுத்துநர்
ஜெபா சொன்னது இழைக்கு உட்பட்டதுதான், நீக்கப் போவதில்லை. ஆனால் இதற்குப் பதிலாக வந்த மூன்று பதிவுகள் வசையாக இருந்ததால் எடுத்துவிட்டேன். அரசியலை விவாதிக்க விரும்புவோர் தனி இழை தொடங்கவும்.

சந்தேகத்தாமஸ்
சரி, புதுசா ஒண்ணு. 2025-ல சீலோவாம் பக்கத்துல ஒரு பெரிய அணைச் சுவர் பத்தி ஆய்வு வந்துச்சு. சாந்துல இருந்த வைக்கோல், குச்சியை வெச்சு கி.மு. 805 முதல் 795-க்குள்ளனு தேதி சொல்லியிருக்காங்க. எசேக்கியாவுக்கு நூறு வருஷம் முந்தி. அப்ப யூதா ராஜாக்கள்ல யோவாஸ் காலம், இல்ல அமத்சியா காலம். அங்க அப்பவே குளம் இருந்துச்சுன்னா, சுரங்கம் மட்டும் ஏன் எசேக்கியாவோடதா இருக்கணும்?

டன்னல்மணி
குளம் முந்தி, வாய்க்கால் பிந்தி, அதுல என்ன முரண்? மழைத்தண்ணியைத் தடுக்க முதல்ல அணை போட்டிருப்பாங்க. வானம் பொய்க்குதுனா நம்ம ஊர்லயும் ஏரிக்கு ஆத்துலருந்து வரத்துக்கால் வெட்டுவாங்கதானே. அந்தக் குளம் ஏற்கெனவே அங்க இருந்ததாலதான் சுரங்கத்துக்குப் போய்ச் சேர ஒரு இடம் இருந்துச்சுனுகூட எடுத்துக்கலாம். ஆனா ரைக் பக்கம் கொஞ்சம் பலம் கூடுதுனு நீங்க சொன்னா, அதுவும் நியாயம்தான்.

நெல்லை_எஸ்தர்
முடிவு பண்ணிட்டேன், டூர்க்காரர்கிட்டயும் பேசியாச்சு. இறங்கப் போறது எங்கள்ல ஒன்பது பேர், மத்தவங்க குளத்துல காத்திருப்பாங்க. மணி அண்ணா, ரெண்டு கூட்டமும் சந்திச்ச இடத்தை உள்ள எப்படிக் கண்டுபிடிக்கிறது? போர்டு வெச்சிருக்காங்களா?

டன்னல்மணி
போர்டை நம்பாதீங்க, சுவரைப் பாருங்க. ஊற்றுப் பக்கமிருந்து நுழைஞ்சதும் கையைச் சுவர்ல வெச்சுக்கிட்டே போங்க. உளித் தழும்பு சாய்வா, வரிசை வரிசையா இருக்கும். வெட்டினவன் நின்ன பக்கத்துலருந்து முன்னாடி நோக்கித்தான் அது ஓடும். உங்ககூட ஒரே திசையில வந்துக்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு இடத்துல சுரங்கம் இடதும் வலதுமா வெட்டி வெட்டித் திரும்பும், தடுமாறின மாதிரி. ஓரத்துல கொஞ்ச தூரம் வெட்டிட்டு "இது வழியில்ல"னு விட்ட மொட்டைப் பொந்துகளும் இருக்கும். அங்கதான் சத்தம் கேட்டு ஒருத்தரை ஒருத்தர் தேடியிருக்காங்க. மேலே பாறை மேல சம்மட்டியால அடிச்சு உள்ள இருக்கிறவங்களுக்குத் திசை காட்டியிருப்பாங்கனு ஃப்ரும்கின் போன்றவங்க சொல்றாங்க, பாறை வெடிப்பு ஒண்ணைப் பிடிச்சே போனாங்கனு முன்னாடி ஒரு கட்சி இருந்துச்சு. எனக்கு சம்மட்டிதான் நம்புற மாதிரி இருக்கு, கல்லுக்குள்ள சத்தம் நல்லாவே போகும்.

அந்தத் திருப்பத்தைத் தாண்டினதும் தழும்பு எதிர்ப்பக்கம் சாயும். அதுதான் இடம். ஹெட் டார்ச் எடுத்துக்கங்க, மொபைல் டார்ச் வேணாம், ஒரு கை சுவருக்கு வேணும். ஒன்பது பேர்ல நீங்க கடைசியா நில்லுங்க சிஸ்டர், அப்பதான் நின்னு பாக்க முடியும். இல்லனா பின்னாடி வர்றவங்க தள்ளிவிட்டுடுவாங்க.